உங்கள் மொழி எது என்று இணையதளம் எப்படி முடிவு செய்கிறது?

பெங்களூருவில் ஐடி வேலையில் இருக்கும் மதுரைக்காரர் ஒருவர் ஷாப்பிங் தளம் ஒன்றைத் திறக்கிறார். பக்கம் கன்னடத்தில் வருகிறது. மதுரையில் அவருடைய அம்மா வங்கித் தளத்தைத் திறக்கிறார். அது ஆங்கிலத்தில் வருகிறது. ரெண்டு தளத்திலும் தமிழ்ப் பக்கம் இருக்கிறது. ஆனால் ரெண்டு பேருக்கும் அது வரவில்லை. ஏன் இப்படி?

முதல் தளம் பார்த்தது ஐபி முகவரியை. அதை வைத்து நீங்கள் ஏறக்குறைய எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று ஊகிக்கலாம், என்ன மொழி பேசுவீர்கள் என்று சொல்ல முடியாது. மொபைல் டேட்டாவில் அந்த ஊரே தப்பாகலாம். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சர்வர் வேறு நகரத்தில் இருந்தால், நீங்களும் அங்கேதான் இருப்பதாகத் தளம் நினைத்துக்கொள்ளும்.

ரெண்டாவது தளம் செய்தது கொஞ்சம் நியாயமான வேலை. எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் பிரவுசர் கூடவே ஒரு சின்னக் குறிப்பை அனுப்பும். அதன் பெயர் 'அக்செப்ட்-லாங்குவேஜ்'. 'தமிழ் வேண்டும், இல்லாவிட்டால் ஆங்கிலம் போதும்' என்று அதில் வரிசையாகச் சொல்லலாம். அடுத்தடுத்த மொழிகளுக்கு 0.9, 0.8 என்று மதிப்பெண்கூட உண்டு. ஆனால் அம்மாவின் போன் கடையில் வாங்கியதிலிருந்து ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதனால் குறிப்பிலும் ஆங்கிலம் மட்டுமே போகிறது. நம்மில் பலர் கதையும் இதுதானே! தமிழ்ப் பக்கத்தை யாரும் கேட்பதில்லை என்று நிறுவனம் நினைத்தால் அதைக் குறை சொல்லவும் முடியாது.

ஊகிப்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை. கேட்காமலே வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடும்போதுதான் எரிச்சல். நண்பர் வாட்ஸ்அப்பில் தமிழ்ப் பக்கத்தின் லிங்க்கை அனுப்புவார், உங்களுக்கோ ஆங்கில முகப்பு திறக்கும். 'பேக்' அழுத்தினால் மறுபடியும் அங்கேயே கொண்டுபோய் விடும். தேடலிலும் அடி விழும். கூகுளின் தேடல் பாட் பெரும்பாலும் அமெரிக்க முகவரியிலிருந்துதான் வருகிறது, அந்த மொழிக் குறிப்பையும் அனுப்புவதில்லை. அதையும் ஆங்கிலப் பக்கத்துக்கே திருப்பிவிட்டால், தமிழ்ப் பக்கம் தேடலில் வராமலே போகலாம். தானாகத் திருப்பிவிடுவதைத் தவிருங்கள் என்று கூகுளே தள உரிமையாளர்களுக்குச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 டிசம்பர் 3 முதல் இது சட்டமாகவே இருக்கிறது: வாடிக்கையாளர் எந்த நாட்டில் வசிக்கிறார் என்பதைக் காரணம் காட்டி, அவர் சம்மதிக்காமல், ஆன்லைன் கடை தன் தளத்தின் வேறு பதிப்புக்கு அவரை அனுப்பக் கூடாது.

தளம் நடத்துபவர் செய்ய வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கேட்ட பக்கத்தையே காட்டிவிட்டு, மேலே 'தமிழில் படிக்க' என்று ஒரு வரி. ஒருமுறை தேர்ந்தெடுத்ததை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். 'தமிழ்' என்பதைத் தமிழிலேயே எழுத வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர் ஆங்கிலத்தில் எழுதிய பட்டனை எப்படிக் கண்டுபிடிப்பார்?

நம் பக்கம் ரெண்டு நிமிட வேலை. ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், மொழிகள் என்று போய்த் தமிழைச் சேர்த்து முதலிடத்துக்கு நகர்த்துங்கள். போனின் மெனு ஆங்கிலத்திலேயே இருக்கும், அது மாறாது. சில பிரவுசர்கள் முதல் மொழியை மட்டுமே அனுப்பும் என்பதால் அந்த முதலிடம் முக்கியம். அம்மாவின் போனிலும் செய்து கொடுங்கள். ஊரைப் பார்த்து மொழியை முடிவு செய்யும் தளங்களில் மட்டும் இது பலிக்காது. அங்கே மொழி பட்டனை மேலேயோ பக்கத்தின் அடியிலேயோ தேட வேண்டியதுதான்.