கார் மோதியதா? ‘பரவாயில்லை’ என்று சொல்லிக் கிளம்பிவிடாதீர்கள்

இரவு எட்டு மணி. துவாஸ் வட்டாரத்தில் மளிகைப் பொருள்களை வாங்கிக்கொண்டு சைக்கிளில் தங்குவிடுதிக்குத் திரும்புகிறார் ஓர் ஊழியர். சாலைச் சந்திப்பில் திரும்பும் கார் அவரை இடித்துவிடுகிறது. கீழே விழுந்தவர் எழுந்து, உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு ‘பரவாயில்லை’ என்கிறார். கார் ஓட்டுநர் அவர் கையில் 50 வெள்ளியைத் திணித்துவிட்டுப் போய்விடுகிறார். மறுநாள் காலை ஊழியரால் தோளைத் தூக்க முடியவில்லை. காரின் எண்ணும் ஓட்டுநரின் பெயரும் அவருக்குத் தெரியாது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், சிங்கப்பூரில் வேலைக்கும் கடைக்கும் சைக்கிளையே நம்பியிருக்கும் எவருக்கும் இந்நிலை வரலாம். வேலை போய்விடுமோ, முதலாளி கோபித்துக்கொள்வாரோ என்ற அச்சத்தில் சிலர் விபத்தை வெளியில் சொல்லாமலேயே இருந்துவிடக்கூடும். சிகிச்சைச் செலவும் இழப்பீடும் கிடைப்பது பெரும்பாலும் விபத்து நடந்த அன்றே திரட்டப்படும் விவரங்களைப் பொறுத்தது.

முதலில் உயிர், பிறகு சைக்கிள்

எழுந்து நடக்க முடிந்தால் சாலையோரத்துக்கு வந்துவிட வேண்டும். கழுத்திலோ முதுகிலோ வலி இருந்தால் அசையாமல் படுத்திருப்பதே நல்லது. தலைக்கவசத்தையும் அவசரப்பட்டுக் கழற்றக்கூடாது. அவசர மருத்துவ வாகனத்துக்கு 995, காவல்துறைக்கு 999 ஆகிய எண்களை அழைக்கலாம்.

அதிர்ச்சியில் இருக்கும்போது வலி உடனே தெரியாமல் போகலாம். எனவே, நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் அன்றே மருத்துவரைப் பார்ப்பது முக்கியம். தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எந்த இடத்தில் அடிபட்டது, எப்படி அடிபட்டது என்பதை மருத்துவரிடம் முழுமையாகச் சொல்ல வேண்டும். அவர் எழுதும் குறிப்பு பின்னர் முக்கியச் சான்றாகும்.

கைப்பேசியில் சேர்க்க வேண்டியவை

பாதுகாப்பான நிலையில் இருந்தால், அங்கிருந்து கிளம்புவதற்குமுன் இவற்றைச் செய்துவிடலாம்:

- காரின் பதிவெண், மோதிய பகுதி, சைக்கிள், சாலை, போக்குவரத்து விளக்கு, உடலில் ஏற்பட்ட காயம் ஆகியவற்றைப் படம் எடுக்க வேண்டும்.
- ஓட்டுநரின் பெயர், தொலைபேசி எண், காப்புறுதி நிறுவனம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
- விபத்தைப் பார்த்தவர்களின் தொலைபேசி எண்களைக் கேட்டுப் பெறவேண்டும். அருகிலிருந்த வாகனங்களில் கேமரா இருந்தால் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

ஒருவர் மாண்டாலோ கடுமையாகக் காயமடைந்தாலோ காவல்துறையின் அனுமதியின்றி வாகனங்களை நகர்த்தக்கூடாது.

யார்மீது தவறு என்று சாலையிலேயே வாதிட வேண்டியதில்லை. பதற்றத்தில் ‘என் தவறுதான்’ என்று சொல்லிவிடவும் கூடாது. அங்கேயே பணம் வாங்கிக்கொண்டு, எதிலாவது கையெழுத்துப் போடுவதும் ஆபத்தானது. எக்ஸ்ரே எடுக்கும்வரை எலும்பு முறிந்துள்ளதா என்று யாருக்கும் தெரியாது.

காவல்துறையிடம் புகார்

சைக்கிளோட்டி சம்பந்தப்பட்ட விபத்தைக் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். யாரேனும் காயமடைந்தால், ஓட்டுநர் வாகனத்தை நிறுத்தி உதவ வேண்டும். 24 மணி நேரத்திற்குள் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். ஓட்டுநர் தெரிவித்துவிடுவார் என்று காத்திராமல் சைக்கிளோட்டியும் அக்கம்பக்கக் காவல் நிலையத்திலோ இணையம்வழியோ புகார் அளிப்பது நல்லது. புகாரின் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஆங்கிலம் சரளமாகப் பேச வராவிட்டால் தமிழில் விளக்க விரும்புவதாகக் கூறலாம். காவல்துறை அதிகாரி பதிவுசெய்யும் வாக்குமூலத்தை, புரியும் மொழியில் படித்துக்காட்டிய பிறகு கையெழுத்திட வேண்டும்.

கார் நிற்காமல் போய்விட்டால் அதன் நிறம், வகை, பதிவெண்ணில் நினைவில் நிற்கும் எழுத்துகள் ஆகியவற்றை உடனே எழுதிவைக்க வேண்டும். ஓட்டுநரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், காயமடைந்தவர் சிங்கப்பூர் மோட்டார் காப்புறுதியாளர்கள் அமைப்பிடம் விண்ணப்பிக்க வழியுண்டு. அதற்கும் காவல்துறைப் புகார் அடிப்படையாக இருக்கும்.

யாரிடம் இழப்பீடு கேட்பது?

விபத்தால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் சிங்கப்பூரில் எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் காப்புறுதி கட்டாயம். ஓட்டுநரின் கவனக்குறைவால் காயமடைந்தவர் மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், அனுபவித்த வலி ஆகியவற்றுக்காக இழப்பீடு கோரலாம். காயத்துக்காக வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

சைக்கிளோட்டிமீதும் ஓரளவு தவறு இருந்தால் இழப்பீடு முழுவதும் போய்விடாது. தவறின் அளவுக்கேற்பக் குறையும். எடுத்துக்காட்டாக, 10,000 வெள்ளி மதிப்புள்ள கோரிக்கையில் அவர்மீது 20 விழுக்காட்டுத் தவறு என்று முடிவானால் 8,000 வெள்ளி கிடைக்கும். சாலையில் தலைக்கவசம் அணிவது 2019 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். இருட்டும் நேரத்தில் முன்னும் பின்னும் விளக்கு தேவை. இவற்றைக் கடைப்பிடிப்பது உயிரைக் காப்பதோடு, பின்னர் இழப்பீட்டைப் பற்றிய வாதத்திலும் கைகொடுக்கும்.

வேலை நேரத்தில் நடந்தால்

முதலாளி அனுப்பிய வேலையாகச் செல்லும்போது விபத்து நேர்ந்தால், வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோரிக்கை வைக்கலாம். யார்மீது தவறு என்பதை அச்சட்டம் பார்ப்பதில்லை. முதலாளியிடம் உடனே தெரிவிக்க வேண்டும். கோரிக்கை வைக்க ஓராண்டு அவகாசம் உண்டு. உணவு விநியோகம் போன்ற இணையத்தள ஊழியர்களுக்கும் 2025 ஜனவரி 1 முதல் இத்தகைய பாதுகாப்பு கிடைக்கிறது.

தங்குவிடுதியிலிருந்து சொந்த சைக்கிளில் வேலைக்குப் போகும் பயணம் பொதுவாக அச்சட்டத்தின்கீழ் வராது. அப்படியானால் கார் ஓட்டுநரிடமிருந்துதான் இழப்பீடு கோர வேண்டியிருக்கும். காரின் எண் கையில் இல்லாவிட்டால் அதுவும் கடினம்.

எப்படியிருந்தாலும், வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவரின் மருத்துவச் செலவை முதலாளி ஏற்க வேண்டும். அதற்காக ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி வாங்குவது 2023 ஜூலை முதல் கட்டாயமாக உள்ளது. சிக்கல் ஏற்பட்டால் மனிதவள அமைச்சையோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ நாடலாம்.

உடைந்த சைக்கிளையும் கீறல் விழுந்த தலைக்கவசத்தையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். மருத்துவ ரசீது, விடுப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, புகார் நகல் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வைக்கலாம். தங்குவிடுதியில் உடனிருக்கும் நண்பர்களிடமும் இதை இன்றே சொல்லிவைத்தால், விழுந்தவர் பேச முடியாத நிலையில் இருந்தாலும் காரின் எண்ணைக் குறித்துவைக்க ஒருவர் இருப்பார்.