முள்ளந்தண்டும் இருதயமும்

உடலின் உறுப்புக்களைத் தனித்தனியே பிரித்துக் கற்பது மாணவர்க்கு எளிமை தரும். ஆயின், நோய்கள் அப்பிரிவுகளுக்குள் அடங்கி நிற்பனவல்ல. முதுகென்பிற் காணப்படும் ஒரு மாற்றம் இருதயத்தைப் பற்றிய முன்னறிவிப்பாக அமைதல் கூடும் என்பதற்குப் போரெஸ்தியே நோய் தக்க சான்றாகும்.

1950 ஆம் ஆண்டிற் பிரான்சிய வைத்தியரான ஜாக் போரெஸ்தியே, ரோட்டெஸ் கெரோல் என்பாருடன் சேர்ந்து, முதியோரின் முள்ளந்தண்டை விறைக்கச் செய்யும் என்பு மிகைவளர்ச்சியை விரிவாக எடுத்துரைத்தார். முள்ளென்புகளின் முன்புறத்தே மேலிருந்து கீழாக ஓடி அவற்றைப் பிணைத்து நிற்கும் நார்ப்பட்டிகை சிறிது சிறிதாக என்பாக மாறுவதே இந்நோயின் இயல்பு. எக்ஸ்-கதிர்ப் படத்தில் அது வழிந்து உறைந்த மெழுகு போலத் தோன்றும். பிற்காலத்தில் இதற்கு ‘டிஷ்’ என்னும் சுருக்கப் பெயரும் வழங்கலாயிற்று.

ஏனைய முதுகு நோய்களினின்று இதனைப் பிரித்தறிதற்கு ரெஸ்னிக், நிவயாமா என்னும் இருவரும் 1976 இல் மூன்று விதிகளை வகுத்தனர். அடுத்தடுத்துள்ள நான்கு முள்ளென்புகளையேனும் இவ்வளர்ச்சி இணைத்திருத்தல் வேண்டும். அவற்றிடையேயுள்ள தட்டுக்கள் பெரும்பாலும் தம் உயரம் குன்றாதிருத்தல் வேண்டும். முள்ளந்தண்டின் பின்புற மூட்டுக்களும் இடுப்பின் திருவென்பு மூட்டுக்களும் அழற்சியால் அரிக்கப்பட்டோ ஒட்டியோ இருத்தலாகாது. ஐம்பது வயதைக் கடந்தோரிடத்தும், பெண்களைவிட ஆண்களிடத்தும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகின்றது. சிலர் முதுகு விறைப்பால் வருந்துவர். கழுத்தில் வளர்ந்த என்பு உணவுக்குழாயை நெருக்குதலால் விழுங்க இடர்ப்படுவாரும் உளர். பலருக்கோ யாதொரு துன்பமும் தோன்றுவதில்லை. வேறொரு காரணத்துக்காக நெஞ்சைப் படம் பிடிக்கும்போதே இது தற்செயலாக வெளிப்படுகின்றது.

நெஞ்சுப் பகுதியில் இவ்வென்பு வளர்ச்சி பெரும்பாலும் வலப்புறத்திலேயே அமைதல் வியப்புக்குரியது. முள்ளந்தண்டின் இடப்புறமாக இறங்கும் பெருநாடியின் இடையறாத துடிப்பு அப்பக்கத்து வளர்ச்சியைத் தடுக்கின்றது என்பது அறிஞர் கருத்து. உள்ளுறுப்புக்கள் இடம் வலமாக மாறி அமையப்பெற்ற சிலரிடத்து என்பு இடப்புறத்தே வளர்ந்திருக்கக் காணப்பட்டமை இக்கருத்துக்கு வலுவூட்டுகின்றது.

எனினும், இது குருதிக் குழாய்க்கும் என்புக்கும் உள்ள அண்மையால் விளைந்த தொடர்பு மாத்திரமே. அதனினும் ஆழ்ந்த தொடர்பு உடலின் அனுசேபத்திலே தங்கியுள்ளது. போரெஸ்தியே நோயுடையாருட் பலர் பருத்த உடலினர்; நீரிழிவும் உயர்ந்த குருதியமுக்கமும் அவர்களிடத்து மிகுதி. இவ்வகை நீரிழிவின் தொடக்கத்தில், இன்சுலினுக்கு உடல் உரியவாறு இணங்காமையால் அச்சுரப்பு குருதியில் மிகுந்து நிற்கின்றது. இன்சுலினும் அதனை ஒத்த வளர்ச்சிக் காரணிகளும் என்பாக்கும் கலங்களைத் தூண்டவல்லன. அவையே நார்ப்பட்டிகை என்பாதற்குத் துணைசெய்கின்றன என்று கருதப்படுகின்றது; ஆயினும் இவ்விளக்கம் இன்னும் முற்றாக நிறுவப்படவில்லை. இன்சுலினுக்கு இணங்காத அதே நிலை, நாடிகளின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து தடித்தற்கும் வழிகோலுகின்றது.

1948 இல் அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் தொடங்கிய நெடுங்கால ஆய்வின் பயனாக, ஒருவருக்கு முடியுரு நாடி நோய் வருதற்குள்ள வாய்ப்பை வயது, கொலஸ்திரோல், குருதியமுக்கம், புகைத்தல் முதலியவற்றைக் கொண்டு கணிக்கும் முறை உருவாயிற்று. 2009 இல் இஸ்ரேலிய வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், அம்முறைப்படி கணித்தபோது, இந்நோயுடையாரின் ஆபத்து இந்நோயில்லாதாரினும் உயர்ந்திருக்கக் காணப்பட்டது.

இங்குத் தருக்க நெறி வழுவாதிருத்தல் வேண்டும். இரண்டு நோய்கள் ஒருங்கு காணப்படுதலால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமென முடிவுகட்டலாகாது. முதுமையும் உடற்பருமனும் இரண்டுக்கும் பொதுவானவை. முதுகில் வளர்ந்த என்பு இருதயத்தைத் தாக்குவதில்லை. அதனை அகற்றுவதால் இருதயம் காக்கப்படுவதுமில்லை. புகையைக் கண்டு நெருப்பை உணர்வது போல, என்பைக் கண்டு அனுசேபக் கேட்டை ஐயுறுதலே முறை.

ஆகவே, “வயதானால் முதுகு விறைப்பது இயல்பே” என்று இம்மாற்றத்தைப் புறக்கணித்தல் தகாது. படத்தில் இதனைக் கண்டவிடத்து, குருதியிலுள்ள வெல்லம், கொழுப்பு, குருதியமுக்கம் ஆகியவற்றைச் சோதித்தறிதல் நன்று. அவை மிகுந்திருப்பின் உணவாலும் உடற்பயிற்சியாலும் மருந்தாலும் குறைத்துக்கொள்ளலாம். புகைப்பவர் அப்பழக்கத்தை ஒழிக்கலாம். என்பாய் மாறிய பட்டிகையை மீண்டும் நாராக்க இன்று வழியில்லை. ஆனால், அது காட்டிய குறிப்பை உரிய காலத்தில் உணர்ந்தோர் தம் இருதயத்தைக் காத்துக்கொள்ள வழியுண்டு.