நெட்டி மாதிரியுரு

நெட்டி மாதிரியுரு என்பது, நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தண்டிலிருந்து பெறப்படும் வெண்ணிறப் பொருளைக் கொண்டு, கோயில் முதலிய கட்டடங்களைச் சிறிய அளவில் உருவாக்குவதாகும். தமிழ்நாட்டில் தஞ்சாவூர் இக்கலைக்குப் பெயர் பெற்றது. அங்கு செய்யப்படும் பெருவுடையார் கோயில் மாதிரியுருக்கள் பரவலாக அறியப்பட்டவை. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

செடியும் பொருளும்

நெட்டி, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. குளம், ஏரி, சதுப்பு நிலம் ஆகிய இடங்களில் தானாகவே வளரும். இதன் தண்டைச் சூழ்ந்துள்ள மெல்லிய பழுப்புநிறத் தோலைச் சீவினால், உள்ளே தந்தம் போன்ற வெண்மையுடன் மென்மையான பகுதி காணப்படும். இதனைத் தண்டின் நடுவிலுள்ள சோற்றுப் பகுதி என்றே பலர் கருதுவர். உண்மையில் இது செடியின் மரப்பகுதியே ஆகும். தக்கையைக் காட்டிலும் எடை குறைந்தது. குடியேற்றக் காலத்து அலுவலர்கள் அணிந்த வெயில் தொப்பியும், வங்காளத்தில் துர்க்கை உருவங்களுக்கான அணிகளும் இதனாற் செய்யப்பட்டவையே. தமிழ்நாட்டில் மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு நெட்டி மாலை அணிவிப்பது வழக்கம்.

மாதிரியுருவுக்கு ஏற்ற தன்மை

மாதிரியுருவுக்கான பொருளைத் தேர்வு செய்யும்போது அளவுத்திட்டத்தையே முதலிற் கருத வேண்டும். ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுள்ள பெருவுடையார் கோயில் விமானம், 1:100 அளவுத்திட்டத்தில் 60 சென்டிமீட்டர் ஆகிவிடும். அசலில் 20 சென்டிமீட்டர் தடிப்புள்ள ஓர் உறுப்பு அதில் 2 மில்லிமீட்டராகச் சுருங்கும். இவ்வளவு நுண்ணிய துண்டை மரத்தில் வெட்டினால் நார்த்திசையில் பிளந்துவிடக்கூடும். நெட்டியோ கூரிய கத்திக்கு எளிதில் இணங்கும். வண்ணம் பூசாமலேயே வெண்மையாக இருப்பதால், செதுக்கலின் நிழல்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் தண்டின் பருமன் சில சென்டிமீட்டர்களே ஆதலால், பெரிய பரப்புகளைப் பல துண்டுகளை ஒட்டியே பெற முடியும்.

ஐரோப்பாவில் 18 ஆம் நூற்றாண்டில் உரோம் நகரின் அந்தோனியோ கிச்சி என்பவர் பழைய கட்டடங்களைத் தக்கையில் செய்து புகழ்பெற்றார். தக்கையின் கரடுமுரடான மேற்பரப்பு சிதைந்த கற்சுவருக்குப் பொருந்தியது. சிற்பம் நிறைந்த தமிழகக் கோபுரத்துக்கு நெட்டியே பொருத்தம் எனலாம்.

மாணவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் தெர்மோகோல் மலிவானது. எனினும் வெட்டும்போது மணிமணியாக உதிரும். சில கரைப்பான் பசைகள் பட்டால் உருகிக் குழியும். நெட்டிக்கு இக்குறை இல்லை.

பொருள் கிடைக்கும் வழி

நெட்டியைக் கடையில் அட்டை வாங்குவதுபோல் வாங்கிவிட முடியாது. குளத்தில் இறங்கி அறுத்து, வெயிலில் உலர்த்தியே பெறவேண்டும். மாலை கட்டுவோரும் இதே செடியையே நாடுகின்றனர். மழை பொய்த்தாலும், குளங்கள் தூர்ந்தாலும் செடி குறைந்துவிடும். ஆகவே இக்கலையின் இருப்பு, கைத்திறனைப் போலவே ஊர்க் குளங்களின் நிலையையும் பொறுத்துள்ளது.

நன்கு உலராத தண்டு பின்னர் சுருங்கி, ஒட்டிய இணைப்புகளைப் பிரித்துவிடும். முடிந்த மாதிரியுருவில் தூசி படிந்தால் துடைப்பது கடினம். இதனாலேயே இவை கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கப்படுகின்றன.