விளக்கும் எண்ணெயும்

பணியைப் பிழைப்பென்று கருதுவோர் உண்டு. உயர்வுக்குரிய படியென்று கருதுவோர் உண்டு. தமக்கென அமைந்த அறமென்று கருதுவோரும் உண்டு. மூன்றாம் வகையினருக்கே மனநிறைவு மிகுதி என்று 1997-இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர் நால்வர் கண்டெழுதினர்.

செவிலியர் பணியில் இவ்வுண்மை தெளிவாய்ப் புலப்படும். அதனை அறமெனக் கொண்டவர் மருந்து கொடுத்ததோடு நில்லார். நோயாளியின் முகவாட்டத்தையும் மூச்சின் மாறுதலையும் முன்னரே உணர்வார்.

ஆயினும், ‘தொண்டுதானே!’ என்று சொல்லி ஊதியத்தைக் குறைத்தல் முறையன்று. 2016-இல் உச்சநீதிமன்ற ஆணையை அடுத்து அமைந்த குழு, 50-க்கும் குறைந்த படுக்கைகளுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாதெனப் பரிந்துரைத்தது.

மகளை இப்பணிக்கு அனுப்பும் பெற்றோரே! அவள் மனத்தைப் போற்றுங்கள், சம்பளத்தையும் கேட்டறியுங்கள். விளக்கு ஒளிர எண்ணெயும் வேண்டுமன்றோ?