யானைக்காலின் நெடுவழி

புதுச்சேரி நகரின் பழைய வரைபடத்தில் இரண்டு கூறுகள் முதலில் கண்ணில் படும். நகரைச் சுற்றி நீள்வட்டமாக அமைந்த அகன்ற சாலைகள் ஒன்று. அந்நீள்வட்டத்தை வடக்கு தெற்காகப் பிளந்து செல்லும் பெரிய வாய்க்கால் மற்றொன்று. வாய்க்காலுக்குக் கிழக்கே கடலையொட்டிப் பிரெஞ்சுக்காரரும், மேற்கே தமிழரும் வாழ்ந்தனர். நகரமோ கடல்மட்டத்தினும் சற்றே உயர்ந்த சமதளம். சாய்வு குறைந்த நிலத்தில் கழிவுநீர் விரைந்து ஓடுவதில்லை. சாக்கடையிலும் கழிவுநீர்க்குழியிலும் கைவிடப்பட்ட கிணற்றிலும் தேங்கிவிடுகிறது. இவ்வாறு தேங்கி நாறும் நீரையே நாடி முட்டையிடும் கொசு ஒன்றுண்டு. கியூலெக்ஸ் இனத்தைச் சேர்ந்த அக்கொசுவே யானைக்கால் நோயை மனிதரிடையே கொண்டு செல்கிறது.

வீங்கித் தடித்த காலைக் கண்ட முன்னோர் அதற்கு யானைக்கால் எனப் பெயரிட்டனர். பெயர் காலைப் பற்றியது. நோயோ காலில் தொடங்குவதன்று. கண்ணுக்குத் தெரியும் வீக்கம், பல ஆண்டுகளுக்கு முன்பே உடலினுள் தொடங்கிவிட்ட நெடுவழியின் கடைசி எல்லை.

இரவில் வரும் புழு

இந்நோய்க்குக் காரணம் வூச்சரேரியா பான்கிராஃப்டி என்னும் ஒட்டுண்ணிப் புழு. முதிர்ந்த பெண்புழு நூலிழை போன்றது; எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் வரை நீளமுடையது. அது மனிதனின் நிணநீர்க்குழாய்களில் தங்கி, கணக்கற்ற நுண்புழுக்களை ஈனுகிறது. நுண்புழு ஒன்றின் நீளம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். அதனை நுண்ணோக்கியால்தான் காண இயலும்.

இந்நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் குருதி நாளங்களில் ஒதுங்கியிருக்கும். இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை தோலுக்கடியில் ஓடும் குருதியில் பெருகி வரும். கியூலெக்ஸ் கொசு மனிதனைக் கடிப்பதும் இரவில்தான். கொசுவின் வேளையைப் புழு அறிந்துகொண்டதோ என வியக்கத் தோன்றும். உண்மையில் இரண்டும் நெடுங்காலம் ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்ததன் விளைவு இது. நடைமுறையில் இதற்கு ஒரு பயன் உண்டு. பகலில் எடுத்த குருதியில் புழு இல்லையெனில், நோய் இல்லையென்று கூறிவிட முடியாது. ஆதலால் குருதி மாதிரி எடுக்கும் பணியாளர்கள், ஊர் உறங்கப்போகும் நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியவராயினர்.

கொசுவே இப்புழுவைச் சுமக்கிறது என்பதை முதலில் கண்டவர் பாட்ரிக் மேன்சன். சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய அந்த ஸ்காட்லாந்து மருத்துவர், 1877இல் கொசுவின் உடலுக்குள் நுண்புழு வளர்வதைக் கண்டறிந்தார். ஆயினும் கொசுவிலிருந்து புழு மனிதனை அடையும் வழியை அவர் தவறாகக் கணித்தார். கொசு நீரில் விழுந்து இறக்கிறது, அந்நீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்பது அவர் கருத்து. கொசுவின் உறிஞ்சுகுழலிலேயே புழு காத்திருப்பதை ஜார்ஜ் கார்மைக்கேல் லோ 1900இல் காட்டிய பின்னரே கடிதான் வழி என்பது உறுதியாயிற்று.

மலேரியா ஒட்டுண்ணி கொசுவினுள் பலவாகப் பெருகும். யானைக்கால் புழு அங்ஙனம் பெருகுவதில்லை. கொசு உறிஞ்சிய நுண்புழுக்களுள் பல மடிகின்றன. எஞ்சியவை பத்துப் பதினான்கு நாள்களில் தொற்றும் பருவத்தை எட்டுகின்றன. கொசு அடுத்து ஒருவரைக் கடிக்கும்போது அவை தோலின்மேல் விழுந்து, கடித்த துளையின் வழியே உள்ளே நுழைகின்றன. ஓரிரு கடியால் இந்நோய் நிலைகொள்வது அரிது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கடிபட்டவரிடமே அது வேரூன்றுகிறது. கொசு மிகுந்த தெருவில் பிறந்து வளரும் குழந்தை இத்தொற்றை இளமையிலேயே பெற்றுவிடுவது இதனால்தான்.

தொற்றுப் பெற்றவருள் பெரும்பாலோர்க்கு வெளியே எவ்வகை அறிகுறியும் தோன்றாது. ஆனால், உள்ளே நிணநீர்க்குழாய்கள் விரிந்து வலுவிழக்கின்றன. நிணநீர் மேலேற மாட்டாமல் காலில் தங்குகிறது. அந்நிலையில்தான் பாக்டீரியாக்கள் வருகின்றன. விரலிடுக்கின் சிறு வெடிப்பு வழியே அவை நுழையும்போது காய்ச்சலும் நடுக்கமும் வலியும் தோன்றும். ஒவ்வொரு முறை இவ்வாறு நேரும்போதும் நிணநீர்க்குழாய் மேலும் சிதைகிறது, தோல் மேலும் தடிக்கிறது. புழு தொடங்கிய கேட்டைப் பாக்டீரியா முற்றச் செய்கிறது எனலாம்.

ஐந்தாண்டு முயற்சி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. பி. கே. ராஜகோபாலன் அதன் இயக்குநராக இருந்தார். அம்மையம் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரையே ஆய்வுக்களமாகக் கொண்டது. மருந்து தெளித்து, பறக்கும் கொசுவைக் கொல்வதை மட்டும் அது நம்பவில்லை. கொசு பிறக்கும் நீரையே குறிவைத்தது. சாக்கடைகள் தூர் வாரப்பட்டன. தேங்கிய பள்ளங்கள் தூர்க்கப்பட்டன. கொசுப்புழுவை உண்ணும் மீன்கள் விடப்பட்டன. கழிவுநீர்க்குழிகளில் பாலிஸ்டைரீன் மணிகள் மிதக்கவிடப்பட்டன. நீர்ப்பரப்பை மூடிய அம்மணிகளால் கொசு முட்டையிட இடமின்றிப் போயிற்று. நீருக்குள் இருந்த புழுக்களும் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மடிந்தன. நஞ்சு சிறிதும் கலவாத எளிய வழி அது.

நகரில் கொசுக்கடி வெகுவாகக் குறைந்தது. சிறுவர் குருதியில் நுண்புழு காணப்படுவதும் குறைந்தது. அண்மையில் பிறந்தோரிடம் தொற்று குறைவதே கடத்தல் தளர்ந்ததற்குத் தெளிவான சான்று; முதியோர் உடலில் இருப்பது பழைய தொற்றாகவும் இருக்கலாம்.

திட்டம் முடிந்தபின் கொசுக்கள் மீண்டும் பெருகின. முதிர்ந்த புழு மனித உடலில் ஏறத்தாழ ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் உயிர்வாழும். திட்டத்தின் ஆயுளோ ஐந்தாண்டு. திட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு ஒருவர் உடலில் புகுந்த புழு, திட்டம் முடிந்த பிறகும் நுண்புழுக்களை ஈன்றுகொண்டிருக்கக்கூடும். கொசுவை அடக்கும் பணி புழுவின் ஆயுளைவிட நீண்டதாக இருக்க வேண்டும். அல்லது உடலிலுள்ள நுண்புழுக்களையும் அதே காலத்தில் அகற்ற வேண்டும். சாக்கடைப் பராமரிப்பு என்பது ஒரு திட்டக்காலத்தோடு முடியும் வேலையன்று என்பதைப் புதுச்சேரி இவ்வாறு காட்டியது.

இரண்டாம் வழி மருந்து. டைஎதில்கார்பமசின் நுண்புழுக்களைக் குருதியிலிருந்து அகற்றுகிறது. நோய்ப்பகுதிகளில் வாழும் அனைவருக்கும், நோயுற்றவர் நோயற்றவர் என்னும் வேறுபாடின்றி, ஆண்டுக்கொருமுறை இம்மருந்தை வழங்கும் திட்டத்தை இந்தியா 2004இல் தொடங்கியது. நலமாக இருப்பவர் மருந்துண்ணத் தயங்குவது இயல்பே. ஆனால், அறிகுறியின்றிப் புழுவைச் சுமக்கும் அந்த நலமானவரிடமிருந்தே கொசு தொற்றைப் பெறுகிறது.

புழுவுக்குள் ஒரு பாக்டீரியா

யானைக்கால் புழுவின் உடலுக்குள்ளும் ஓர் உயிரி குடியிருக்கிறது. வோல்பாக்கியா என்னும் அப்பாக்டீரியா இல்லாமல் புழு வளரவோ இனம்பெருக்கவோ இயலாது. டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி அப்பாக்டீரியாவை அழித்தால் புழு மலடாகி, நாளடைவில் மடிகிறது. இதே வோல்பாக்கியாவின் வேறு வகைகள் பூச்சிகள் பலவற்றில் உள்ளன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் அது இயற்கையாகக் காணப்படுவதில்லை. அதனுள் புகுத்தினால், டெங்கு வைரஸ் கொசுவுக்குள் பெருகுவது தடைப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, வோல்பாக்கியாவைத் தாங்கிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாகப் புதுச்சேரி மையம் 2022இல் அறிவித்தது. புழுவை வாழவைக்கும் பாக்டீரியாவின் உறவினமே வைரஸைத் தடுக்கும் காவலாகிறது.

முற்றிய வீக்கத்தை மருந்தால் முழுமையாக மாற்ற முடிவதில்லை. அத்தகையோர்க்கு மருத்துவர் கூறும் முறை மிக எளியது. நாள்தோறும் காலைச் சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவுதல். விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தல். வெடிப்பு தோன்றின் உடனே களிம்பிடுதல். அமரும்போதும் உறங்கும்போதும் காலை உயர்த்தி வைத்தல். இவற்றால் பாக்டீரியா நுழைவது தடைப்படும். காய்ச்சல் வரும் முறைகள் குறையும். வீக்கம் மேலும் வளராமல் நிற்கும். காய்ச்சலால் வேலைக்குச் செல்ல முடியாமற்போகும் நாள்களும் குறையும்.