கத்திக் கத்தியே உயிரைவிட்ட ரோமப் பேரரசர்!

'ரொம்பக் கோபப்படாதீங்க, பிபி ஏறிடும்'னு வீட்ல சொல்வாங்கல்ல... ரோமப் பேரரசர் முதலாம் வாலண்டினியன் கதையே அதுதான். கி.பி 375, நவம்பர் 17. பேச்சுவார்த்தைக்கு வந்த தூதர்களைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்துபோனார். வயது 54.

இவர் பரம்பரை ராஜா கிடையாது. இன்றைய குரோஷியாவில் பிறந்தவர். அப்பா, சின்ன வயதில் கயிறு விற்றவர். ராணுவத்தில் சேர்ந்து அப்பா முன்னேற, மகனும் அதே ரூட். 364-ல் பேரரசர் ஜோவியன் திடீரென இறக்க, வாலண்டினியனைத் தேர்ந்தெடுத்தது ராணுவம். தம்பி வாலன்ஸையும் பேரரசராக்கி, கிழக்கை அவரிடம் கொடுத்துவிட்டு, மேற்கைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார்.

நல்ல நிர்வாகிதான், அதில் சந்தேகமே இல்லை. ரைன், டான்யூப் கரைகளில் கோட்டைகள் கட்டினார். கிறிஸ்தவராக இருந்தும் மற்றவர்களின் வழிபாட்டில் தலையிடவில்லை. ரோம் நகரில் அரசுச் சம்பளத்தில் டாக்டர்களை நியமித்து, 'பணக்காரர்கள் பின்னால் ஓடாமல் ஏழைகளைக் கவனியுங்கள்' என்று சட்டமே போட்டார்.

ஆனால், அந்தக் கோபம்! படுக்கையறைக்குப் பக்கத்திலேயே கூண்டில் இரண்டு பெண் கரடிகளை வளர்த்தாராம். ஒன்றின் பெயர் 'பொன்துகள்', இன்னொன்று 'அப்பாவி'. தண்டனை பெற்றவர்களைக் கடித்துக் குதறுவதுதான் இவற்றின் வேலை. 'நல்லா உழைச்சுட்டே' என்று அப்பாவியைக் கடைசியில் காட்டில் விட்டுவிட்டாராம். இதை எழுதியவர் அதே காலத்து வரலாற்றாசிரியர் அம்மியானஸ். அவருக்கு இவரைக் கொஞ்சம் பிடிக்காது, அதனால் மசாலாவும் இருக்கலாம்.

இறுதிக்கட்டத்துக்கு வருவோம். டான்யூபுக்கு அப்பால் வாழ்ந்த குவாடி மக்களின் மண்ணில் ரோமர்கள் கோட்டை கட்டினார்கள். நியாயம் கேட்ட அவர்களின் அரசர் கபினியஸை விருந்துக்குக் கூப்பிட்டுக் கொன்றும்விட்டார்கள். கொதித்துப்போய் குவாடிகள் எல்லை தாண்டி வந்து தாக்க, பதிலடி கொடுக்க வாலண்டினியனே படையோடு கிளம்பினார். இன்றைய ஹங்கேரியில் இருந்த பிரிகேட்டியோவில் அவரைச் சந்தித்த தூதர்கள், 'நீங்க அநியாயமா கோட்டை கட்டினதாலதான் எங்க ஆளுங்க ஆத்திரப்பட்டாங்க' என்றார்கள். அவ்வளவுதான்... கத்த ஆரம்பித்தார். முகம் சிவந்தது, பேச்சு நின்றது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம் என்பது இன்றைய ஊகம்.

அவசரத்துக்கு ஒரு டாக்டர்கூட அருகில் இல்லை. தொற்றுநோயில் விழுந்திருந்த வீரர்களைக் கவனிக்க அத்தனை பேரையும் அனுப்பியிருந்தவர் அவரேதான். ஒருவழியாக ஒருவரைத் தேடிப்பிடித்து நரம்பைக் கீறிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

சில நாள்களிலேயே, 4 வயது மகன் இரண்டாம் வாலண்டினியனைப் படை முகாமுக்குத் தூக்கிவந்து பேரரசராக அறிவித்துவிட்டார்கள்.