சுட்ட தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்பலாமா? அமெரிக்க வீடியோக்களும் இந்தியச் சட்டமும்

ஒரு மேசை, அதில் திருகி வைத்த சின்ன இயந்திரம், பக்கத்தில் ஒரு டிஜிட்டல் தராசு. நெம்புகோலை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு புதுத் தோட்டா வந்து விழுகிறது. யூடியூபில் 'ரீலோடிங்' என்று தேடினால் கொட்டும் இந்த அமெரிக்க வீடியோக்களை நானும் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க, 'இவ்வளவுதானா, நாமே செய்யலாம் போலிருக்கே' என்று தோன்றும். தோட்டாச் செலவில் திணறும் இளம் வீரர்களுக்கு இன்னும் அதிகமாகவே தோன்றும். ஆனால் இந்தியாவில் அந்த ஆசை சிறைவரை கொண்டுபோய் விடலாம்.

ரீலோடிங் என்றால் என்ன?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கூடு மட்டும்தான். பொதுவாக நான்கில் விலை கூடியதும் அதுதான். மற்ற மூன்றையும் புதிதாக வைத்து அந்தக் கூட்டைத் திரும்பப் பயன்படுத்துவதே ரீலோடிங்.

செலவு குறையும் என்பது ஒரு காரணம். இலக்கு சுடுபவர்களுக்கு அதைவிடப் பெரிய காரணம், ஒரே சீர். எல்லாத் தோட்டாவிலும் மருந்தின் எடை ஒன்றாக இருந்தால் குண்டுகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும், நெருக்கமாக விழும். மருந்தை அளக்கும் அலகு 'கிரெயின்'. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்துவிட்டால், துப்பாக்கியே முகத்துக்கு முன்னால் வெடிக்கலாம்.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. தயாரித்து விற்கும் தொழிலுக்குத்தான் தேவை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் இருக்கே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வைத்திருக்கும் உரிமம் வேறு, தயாரிக்கும் உரிமம் வேறு. காலிக் கூட்டில் மருந்தும் பிரைமரும் வைத்து மறுபடி சுடக்கூடிய தோட்டாவாக்கிவிட்டு, 'இது தயாரிப்பே இல்லை' என்று நீதிமன்றத்தில் வாதாடுவது கடினம். தண்டனை முன்பு 3 முதல் 7 ஆண்டு வரை இருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

பலரும் தாண்டிப் போகும் வரி ஒன்று 2-வது பிரிவில் இருக்கிறது. தோட்டாவின் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும்கூட சட்டத்தின் பார்வையில் 'தோட்டா'தான். ஆக, வெளிநாட்டு இணையக் கடையில் அந்தச் சின்ன இயந்திரத்தை ஆர்டர் போடுவதே சிக்கல். 45-வது பிரிவில் சிறு விலக்கு உண்டு: மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களை வைத்திருக்கலாம். அலமாரியில் ஞாபகத்துக்கு வைத்த ஒரு காலிக் கூடு வேறு. பிரைமர், மருந்தோடு சேர்த்து வைத்த நூறு கூடுகள் வேறு.

ஒலிம்பிக் கனவுக்கு உதவுமா?

உதவாது என்பதுதான் வேடிக்கை. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெடிமருந்தே கிடையாது, காற்றழுத்தம்தான். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியில் பயன்படுவது .22 தோட்டா. அதில் தனி பிரைமர் இல்லை. பொறிமருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். சுடும்போது அந்த விளிம்பு நசுங்கிவிடும். அதை வீட்டில் சரிசெய்து நிரப்புவது நடைமுறையில் ஆகாத காரியம். ரீலோடிங்குக்கு அர்த்தமுள்ள 300 மீட்டர் ரைஃபிள் போட்டி, 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை.

அப்போ .22 வீரர்கள் சீருக்கு என்ன செய்கிறார்கள்? 'லாட்' பார்த்து வாங்குகிறார்கள். ஒரே பிராண்டின் இரண்டு லாட்கள் ஒரே துப்பாக்கியில் வேறு வேறு மாதிரி விழும். துப்பாக்கியை அசையாமல் பொருத்தி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, பொருந்தும் லாட்டை மொத்தமாக வாங்கி வைப்பார்கள். விளையாட்டு வீரர்களுக்கான தோட்டா வரம்பை 2020-ல் உள்துறை அமைச்சகம் உயர்த்தியது. வாங்குமுன் உங்கள் உரிமத்தில் எத்தனை என்று எழுதியிருக்கிறது பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாநில ரைஃபிள் சங்கத்தில் கேளுங்கள்.